விடியாத ஏகாதசி

இப்பகுதியில் நாம் வழக்கமாகப் பேசுவன நேயர்கள் அறிந்தவையே: பள்ளிச் சேர்க்கை, ஊருக்குச் செல்லும் ரயில், வீட்டு வாடகை, குளிர்காலத்து இருமல். இத்திங்கள் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். கோல் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் நம்மவர் இல்லங்களில் மாலைதோறும் கேட்கும் ஒரு மன்றாட்டே அதற்குக் காரணம். "இன்னும் பத்தே நிமிஷம் அம்மா, ஈவென்ட் முடியப்போகிறது" என்கிறான் பிள்ளை. ஈவென்ட் என்பது யாது, அஃது ஏன் எந்நாளும் முடியும் தறுவாயிலேயே இருக்கிறது என்பன அன்னைக்கு விளங்கவில்லை. விளங்காமையால் ஒருநாள் சினந்து கைப்பேசியைப் பறிக்கிறாள். மறுநாள் மனமிரங்கி விட்டுக்கொடுக்கிறாள். இவ்விரண்டாலும் பயன் விளையவில்லை. எனவே அந்த ஈவென்ட்டின் உட்பொருளை முதலில் அறிந்துகொள்வோம்.

முன்னாளில் விளையாட்டு என்பது செய்து முடிக்கப்பட்ட ஒரு பொருள். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழிகள், என்றும் பதினான்கே. கேரம் பலகையை வாங்கினால் அது தேயும் வரை அதே பலகைதான். கணிப்பொறி விளையாட்டுகளும் தொடக்கத்தில் அவ்வாறே இருந்தன. தட்டு ஒன்றை விலைகொடுத்து வாங்கினோம், ஆடினோம், சலித்தபின் அலமாரியில் வைத்தோம். விற்றவனுக்கும் நமக்கும் இருந்த தொடர்பு கடையிலேயே முடிந்தது.

கைப்பேசி விளையாட்டுகள் பெரும்பாலும் இலவசமாகவே வருகின்றன. ஆடுவோரில் மிகப் பலர் ஒரு காசும் செலுத்துவதில்லை. வருவாய் பெரும்பாலும் உள்ளே விற்கும் பொருள்களால் வருகிறது: வீரனுக்கு ஒரு புதிய உடை, துப்பாக்கிக்கு ஒரு வண்ணம், புதிதாய் வந்த ஒரு பாத்திரம். அவற்றை விற்க வேண்டுமானால் ஆடுபவர் நாள்தோறும் திரும்பி வரவேண்டும். ஆகவே சில வாரங்களுக்கு ஒருமுறை விளையாட்டைப் புதுப்பிக்கின்றனர், அதுவே அப்டேட். இடையிடையே நாள் குறித்து ஒரு விழா நடத்துகின்றனர், அதுவே ஈவென்ட். இம்முறைக்கு அத்தொழிலார் வழங்கும் பெயர் 'லைவ் சர்வீஸ்' என்பது. விளையாட்டு இங்கே ஒரு பண்டம் அன்று. என்றும் மூடாத ஒரு கடைவீதி.

சில சான்றுகளைக் காண்போம். பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2012-இல் வெளியிட்ட கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்னும் விளையாட்டில், படைவீரரைப் பயிற்றுவிக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்க மாட்டாதவர் பணம் செலுத்திப் பொழுதைக் குறைத்துக்கொண்டனர். 2019-இல் அதனுள் திங்கள்தோறும் புதுப்பிக்கும் 'சீசன் பாஸ்' வந்தது. 2025 மார்ச்சில் அந்தப் பயிற்சிக் காத்திருப்பையே நீக்கிவிட்டனர். 2020 செப்டம்பரில் வெளிவந்த கென்ஷின் இம்பாக்ட் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வளர்கிறது. போக்கிமான் கோ 2018 சனவரி முதல் திங்கள்தோறும் ஒருநாள், சில மணி நேரம் மட்டும் நடைபெறும் ஒரு கூட்டுவிழாவை நடத்தி வருகிறது. 2020 ஏப்ரலில், உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்த வேளையில், ஃபோர்ட்நைட் என்னும் விளையாட்டினுள் டிராவிஸ் ஸ்காட் என்ற அமெரிக்கப் பாடகரின் நிகழ்ச்சி நடந்தது. ஒரே பொழுதில் 1 கோடியே 23 லட்சம் பேர் அதில் இருந்தனர். இவற்றை ஒருங்கே நோக்கினால் காற்று எத்திசையில் வீசுகிறது என்பது புலப்படும். காத்திருப்பை விற்ற காலம் மெல்லக் கழிகிறது. அவசரத்தை விற்கும் காலம் வந்திருக்கிறது.

அவசர வாணிகம் நமக்குப் புதிதன்று. ஆடித் தள்ளுபடி என்றால் தியாகராய நகரின் தெருக்கள் நிறைந்துவிடுவதை நாம் அறிவோம். ஆனால் ஆடி போனால் ஆவணி வந்துவிடுகிறது. தள்ளுபடிப் பலகையைக் கடைக்காரர் இறக்கிவிடுகிறார். நாமும் பணப்பையை மூடிவிடுகிறோம். கைப்பேசி விளையாட்டிலோ பன்னிரண்டு திங்களும் ஆடியே. ஒரு விழா முடியுமுன் அடுத்ததற்குப் பந்தற்கால் நட்டாகிவிடும்.

இதில் வழங்கும் உத்திகள் நான்கு. பெற்றோர் இந்நான்கையும் அறிந்திருந்தால் போதும்.

முதலாவது, நாள் வருகைப் பரிசு. தொடர்ந்து ஏழு நாள் உள்ளே வந்தால் ஏழாம் நாள் பெரிய பரிசு. ஒருநாள் தவறினால் அது கைநழுவலாம். பிள்ளை விளையாட்டை விரும்பித்தான் திறக்கிறான் என்று நாம் எண்ணுகிறோம். பல நாள்களில் விருப்பத்தாலன்று, தொடர்ச்சி அறுந்துபோகுமே என்னும் அச்சத்தால் திறக்கிறான்.

இரண்டாவது, 'பாஸ்' முறை. தொடக்கத்தில் பணம் கட்டிவிட வேண்டும். ஆயின் பரிசுகள் உடனே கைக்கு வாரா. நாள்தோறும் இட்ட பணிகளைச் செய்து முடித்தால்தான் ஒவ்வொன்றாகத் திறக்கும். பணம் கொடுத்தவனே வேலையும் செய்யும் வியப்பான வாணிகம் இது! "பணம் கட்டியாயிற்றே, வீணாகிவிடுமே" என்று பிள்ளை சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, இடைநாணயம். ரூபாயால் நேரே எதையும் வாங்க இயலாது. வைரம், கல், கட்டி என்று வேறொரு நாணயம் வாங்கி, அதனைக் கொண்டே பொருள் பெறவேண்டும். நாணயம் விற்கும் கட்டுகளும் பொருளின் விலையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஆகவே சிறிது எப்போதும் மிஞ்சும். மிஞ்சியதைப் பயன்படுத்த மேலும் சிறிது வாங்கத் தோன்றும். விலை ரூபாயில் தெரியாமையால் செலவு செலவாகவே தோன்றுவதில்லை.

நான்காவது, குலுக்கல். வேண்டிய பாத்திரத்தை விலைகொடுத்து வாங்க முடியாது. அது கிடைக்கக்கூடிய வாய்ப்பை மட்டுமே வாங்கலாம். முன்னர்க் கூறிய கென்ஷின் விளையாட்டில் உயர்ந்த வகைப் பாத்திரம் ஒரு முறை முயன்றால் கிடைக்கும் வாய்ப்பு 0.6 விழுக்காடு, அதாவது ஆயிரத்துக்கு ஆறு. தொண்ணூறாம் முறைக்குள் உயர்வகை ஒன்று உறுதியாகக் கிடைக்கும் என்ற ஏற்பாடும் உண்டு; விரும்பியதே முதலில் வரும் என்பதற்கு உறுதியில்லை. ஜப்பானில் 2012-இலேயே குலுக்கலின் ஒரு வகை சட்டத்துக்கு மாறானது என்று அரசு அறிவித்தது. பெல்ஜியம் 2018-இல் பணம் கொடுத்துத் திறக்கும் குலுக்கற்பெட்டிகளைச் சூதாட்டத்தோடு சேர்த்தது. 2025 சனவரியில் அமெரிக்க வாணிகக் குழு, கென்ஷினை வெளியிடும் நிறுவனத்துடன் 2 கோடி டாலருக்கு ஓர் உடன்பாடு செய்தது. பெற்றோர் இசைவின்றிப் பதினாறு வயதுக்கு உட்பட்டோர்க்குக் குலுக்கற்பெட்டி விற்றலாகாது என்பது அதில் ஒரு விதி.

இனி, இவ்விழாக்கள் யாருடைய பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகின்றன என்று பார்ப்போம். சீனப் புத்தாண்டை ஒட்டி, சனவரி பிப்ரவரித் திங்களில், கிழக்காசிய விளையாட்டுகள் பலவற்றில் பெருவிழா நடக்கும். நம் பிள்ளைகளுக்கோ மத்திய வாரியத்தின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி நடுவில் தொடங்கிவருகின்றன. ஆண்டின் மிகக் கவர்ச்சியான விழாவும் மிக முதன்மையான தேர்வும் ஒரே வாயிலில் இடித்துக்கொண்டு நிற்கின்றன. கடிகாரமும் நம்முடையதன்று. ஆசியப் பகுதிக்கென்று கிழக்கத்திய நேரக் கணக்கில் விடியற்காலை 4 மணிக்கு நாள் மாறும் விளையாட்டு, தில்லியில் இரவு ஒன்றரை மணிக்கு நாள் மாறுகிறது. இதில் எவருடைய வஞ்சகமும் இல்லை. அவர்கள் தம் ஊர் நாளுக்கும் பொழுதுக்கும் ஏற்ப விழா நடத்துகின்றனர். நம் வீட்டுப் பொழுதை நாம் பார்த்துக்கொள்ளாவிடில் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்பதே கருத்து.

நம் பகுதியில் ஓர் இல்லம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டியார் நள்ளிரவு கடந்த வேளையில் தண்ணீர் குடிக்க எழுந்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தி கூடத்து மூலையில் போர்வைக்குள் கைப்பேசியும் கையுமாக விழித்திருந்தாள். பாட்டியார் கடிந்துகொள்ளவில்லை. "ஏண்டி குழந்தே, இன்னிக்கு ஏகாதசியா என்ன?" என்று மட்டும் கேட்டார். குழந்தைக்கு அதன் பொருள் விளங்கவில்லை. மறுநாள் அன்னை நம்மிடம் இதனைச் சொல்லிச் சிரித்தார். அக்கேள்வியோ இத்திங்கள் முழுதும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க வேண்டும் என்பது மரபு. விழித்திருப்பதற்குத் துணையாகப் பரமபத சோபானப் படத்தை விரித்து ஆடுவர். தாயம் விழும், ஏணியில் ஏறுவர், உச்சிக்கு அருகில் பெரும்பாம்பு விழுங்கிவிடும், வீடே நகைக்கும். எண்ணிப்பார்த்தால் அதுவும் நாள் குறித்த ஈவென்ட்டே. ஓர் இரவுதான், தவறினால் அடுத்த ஆண்டுதான். ஆதலின் விளையாட்டுக்காகப் பிள்ளை கண்விழிப்பதே கூடாது என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை, நாமே பழக்கியிருக்கிறோம். வேறுபாடு எங்கே எனில், அந்த ஆட்டத்தில் பாட்டியும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்தனர். பாம்பு கடித்தால் பணம் கட்டி மீளும் வழி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பொழுது விடிந்தது. விடிந்ததும் துவாதசிப் பாரணை, அகத்திக்கீரை, நெல்லிக்காய். படம் சுருட்டப்பட்டுப் பரணுக்குப் போய்விடும். கைப்பேசியில் இன்று வந்திருப்பது விடியாத ஏகாதசி. அதற்கு விடியலை நாம்தான் அமைத்துத்தர வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிடில் நடுநிலை ஆகாது. தில்லியில் கார்த்திகை மார்கழித் திங்களில் புகைமூட்டம் கவிந்துவிடுகிறது. 2024 நவம்பரில் காற்று மிகக் கெட்டுப் பள்ளிகளே வகுப்புகளை இணையவழிக்கு மாற்றின. தால்கட்டோராத் தோட்டம் நடை தூரத்தில் இருந்தும் அந்நாள்களில் பிள்ளையை அங்கு அனுப்ப மனம் துணிவதில்லை. தந்தையும் தாயும் அலுவலகம் சென்றபின், இரண்டறை வீட்டில் அவனுக்குத் துணை எது? மற்றொன்றும் கண்டோம். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம். தெருவில் பேச்சு இந்தி. ஆனால் மாலையில் கைப்பேசியில் ஒரே அணியாய் ஆடும்போது, மதுரையில் இருக்கும் அத்தை மகனோடும் கோவையில் இருக்கும் சித்தப்பா மகளோடும் நம் பிள்ளை தமிழில் கூவுகிறான், சண்டையிடுகிறான், சிரிக்கிறான். உறவும் மொழியும் அங்கே உயிரோடு இருக்கின்றன. அதனையும் சேர்த்து வெட்டிவிடுவது அறிவுடைமை ஆகாது.

சட்டம் பார்த்துக்கொள்ளுமே என்பர் சிலர். சட்டம் தன் பங்கைச் செய்தே வருகிறது. 2020 செப்டம்பர் 2 அன்று நடுவணரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் அவற்றுள் ஒன்று. 2021 சூலையில் அது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் திரும்பி வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் நாளொன்றுக்கு 3 மணி நேரமே ஆடலாம், 7,000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்று வரம்பிட்டிருந்தது. நாளொன்றுக்கு ஏழாயிரம்! நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு திங்கள் மளிகைக் கணக்கே அவ்வளவுதான். 2022 சூலையில் அது மீண்டும் நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் சிறுவர்க்கு 3 மணி, ஏனையோர்க்கு 6 மணி என்ற வரம்போடு மறுபடி வந்தது. தமிழ்நாட்டில் பணம் வைத்தாடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்து 2025-இல் விதிகள் வந்தன. சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை 2025 சூனில் செல்லும் என்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவணரசுச் சட்டம், பணம் வைத்துப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளையே விலக்கியது. ஆனால் வெறும் உடைக்கும் வண்ணத்துக்கும் பிள்ளை செலவிடுவது அந்தச் சட்டத்தின் இலக்கு அன்று. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறை, வாங்குவோரை மயக்கும் உத்திகள் பதின்மூன்றை வரிசைப்படுத்தியது. அதில் முதலாவதாக நிற்பது பொய்யான அவசரம். பெயரிட்டுச் சொன்னது பேருதவி. எனினும் நம் கூடத்தில் இரவு ஒன்றரை மணிக்கு அரசின் காவலர் வந்து நிற்க மாட்டார்.

ஆகவே இல்லத்தில் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம்.

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் விளையாட்டின் விழா நாள்களையும் பிள்ளையின் கையாலேயே குறிக்கச் செய்யுங்கள். எது என்று தொடங்குகிறது, என்று முடிகிறது, எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை அவனே எழுதட்டும். பக்கத்திலேயே தேர்வு, பாட்டு வகுப்பு, கொலு, ஊர்ப்பயணம் ஆகியனவும் இருக்கட்டும். எல்லாம் ஒரே தாளில் வந்துவிட்டால் எதை விடலாம் என்பதை அவனே காண்பான். "ஆடாதே" என்ற கட்டளையைவிட "இவற்றுள் உனக்கு எது வேண்டும்?" என்ற வினா வலியது.

பாஸ் வாங்குவதானால் திங்களுக்கு இவ்வளவு என்று ரூபாயில் தொகை குறியுங்கள். குலுக்கலுக்கு ஒரு காசும் இல்லை என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு கைப்பேசியை அமைப்பது எளிது. பிள்ளை ஆடும் கைப்பேசியில் வங்கிக் கணக்கோ யூ.பி.ஐ. செயலியோ இல்லாதிருப்பது இன்னும் நன்று. உங்கள் யூ.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' என்னும் பகுதியைத் திங்களுக்கு ஒருமுறை பாருங்கள். அறியாமல் ஒப்புக்கொண்ட சந்தா அங்கே தெரியும். தவறுதலாகப் பணம் போயிருந்தால் கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் திரும்பக் கேட்பது நலம். நுகர்வோர் குறைகளுக்கு 1915 என்ற எண் இருக்கிறது. 'இலவச வைரம்' தருவதாக வரும் இணைப்புகள் மோசடி வலைகளே. பணம் பறிபோனால் தாமதியாமல் 1930-ஐ அழையுங்கள்.

இரவு ஒரு குறித்த பொழுதுக்குப்பின் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஓரிடத்தில் உறங்கட்டும். 'எல்லா' என்றதைக் கவனியுங்கள். தந்தை படுக்கையில் காணொளி பார்த்துக்கொண்டிருக்க, மகனுக்கு மட்டும் விதிக்கும் சட்டம் ஒரு வாரமும் நிலைக்காது.

விளையாட்டு மிகுந்தால் எல்லாம் நோய் என்று அஞ்சவேண்டா. உலகச் சுகாதார நிறுவனம் 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு மிகைக் கோளாற்றைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அதற்குரிய அடையாளங்கள் கடுமையானவை: நிறுத்தும் ஆற்றல் குன்றுதல், ஏனைய கடமைகள் யாவும் பின்தள்ளப்படுதல், தீங்கு கண்டும் தொடர்தல், இவை பொதுவாக ஓராண்டளவு நீடித்திருத்தல். உணவு, உறக்கம், நட்பு, படிப்பு நான்கும் ஒருங்கே சரிவதைக் கண்டால் நாணாமல் உதவி நாடுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். சொந்த ஊரைவிட்டு வந்த இடத்தில், தாய்மொழியில் துயர் கூறக் கேட்போர் இருப்பது சிறிய நன்மை அன்று.

பெற்றோரை ஒன்று வேண்டுகிறோம். ஒருநாள் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அவன் ஆடும் ஈவென்ட்டை அவன் வாயாலேயே விளக்கச் செய்யுங்கள். "இது முடிந்துவிட்டால் நமக்கு என்ன இழப்பு? நாம் அவசரப்பட்டால் யாருக்கு ஊதியம்?" என்று இரண்டே வினா கேளுங்கள். விடையை நீங்கள் கூறவேண்டா. நம் பிள்ளைகள் அறிவிற் குறைந்தவர் அல்லர். கணக்கைக் காட்டினால் போதும், விடையை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு சொல். வரும் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய விடுமுறை மாலையில் இங்கே ஒரு கூடத்தில் பாய் விரித்துப் பரமபதப் படங்களை வைத்தால் என்ன? பாட்டியரும் பேரக் குழந்தைகளும் ஒரு மாலை ஆடட்டும். கைப்பேசிகளை வாயிலில் வாங்கி வைக்க வேண்டிய தேவை இராது என்றே நம்புகிறோம். பெரும்பாம்பு கடித்தவரைச் சுற்றி எழும் சிரிப்பொலியில் அவை தாமே மறந்துபோகும். இரவு ஒன்பது மணிக்குப் படத்தைச் சுருட்டிவிட்டு, எல்லாரும் வீடு சென்று உறங்கலாம்.